கோடு முழுசாகத்தான் இருக்கிறது, இணையம்தான் வரவில்லை

கணினிக்குத் தெரியும். என் ஆத்திரமே அதுதான். வைஃபை வேலை செய்யாத ஒவ்வொரு முறையும், எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியும், அல்லது சில நொடிகளில் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் நமக்குக் காட்டுவது மூலையில் ஒரு குட்டி உலக உருண்டையும் "நோ இன்டர்நெட், செக்யூர்டு" என்ற ஒற்றை வரியும்தான். இதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? வேலைக்கான கோப்பு பாதி ஏறி நிற்கிறது, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு ஆசிரியரின் முகத்தோடு உறைந்து நிற்கிறது, திரையில் அதே ஒற்றை வரி.

அந்த வரியையும் முழுசாக நம்ப முடியாது. இணையம் இருக்கிறதா என்று விண்டோஸ் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கும் ஒரு சின்ன உரைக் கோப்பை எடுத்துப் பார்க்கும். வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. விபிஎன்னோ (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் மென்பொருள்) ஃபயர்வாலோ (போக்குவரத்தை வடிகட்டும் காவல்) அந்தக் கோப்பை மட்டும் மறித்துவிட்டால் போதும், எல்லாத் தளங்களும் திறந்துகொண்டிருக்கும்போதே 'இல்லை' என்று அடம்பிடிக்கும்.

அப்புறம் வைஃபை பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த சிக்னல் கோடுகள். "சிக்னல் ஃபுல்லா இருக்கே, பின்ன ஏன் வரலை?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்கள். கேட்பவர்மேல் தப்பே இல்லை. அந்தக் கோடுகள் அளப்பது கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் ரேடியோ அலையின் பலத்தை மட்டும்தான். ரவுட்டருக்குப் பின்னால் கேபிளே துண்டாகிக் கிடந்தாலும் கோடு முழுசாகத்தான் நிற்கும். இத்தனை வருடத்தில் இதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு படத்தை வரைய இவர்களுக்கு மனசு வரவில்லையா?

சோதிப்பது அப்படி ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் கணினியின் முகவரி வரும். அது 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 192.168 என்பது போல வந்தால் முகவரி கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே 'டீஃபால்ட் கேட்வே' என்று ரவுட்டரின் முகவரியும் இருக்கும், அதற்கு ஒரு பிங், அதாவது ping என்று அடித்து அந்த முகவரியையும் சேர்த்தால், பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும். உடனே, விடாமல் பதில் வந்தால் வைஃபைமேல் குற்றமில்லை. அடுத்து வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கு ஒரு பிங். அங்கிருந்தும் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில். நெட்வொர்க் அமைப்பில் போய் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 (க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை) என்று மாற்றிப் பாருங்கள். ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லை என்றால் பழுது பெரும்பாலும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம்.

இந்த நாலு சோதனையையும் கணினி தானே செய்து, "ரவுட்டர் வரை சரி, அதற்கு மேல் போகவில்லை" என்று ஒரு வரி எழுதலாம். எழுதுகிறதா? 'டிரபிள்ஷூட்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் தேடும், தேடும், பல முறை கடைசியில் பிரச்சினையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கையை விரிக்கும். எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான்.

வைஃபையே பழுதாகும் நேரங்களும் உண்டு, மறுக்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல்கள், அதாவது தனித்தனி ஓடுபாதைகள், 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்துவிட்டால், கணினி எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்த் தனித்தனிப் பெயர் வைத்த பிறகுதான் பல பேருக்கு நிம்மதி.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட மாட்டேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், வைஃபையைப் பிடிக்கும் பாகமான வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கும் ஒரு டிக் இருக்கும், பல கணினிகளில் வாங்கும்போதே போட்ட டிக். சும்மா கிடந்த கணினியைத் தட்டி எழுப்பினால் வைஃபை காணோம் என்பதற்கு எத்தனையோ முறை காரணம் இதுதான். எந்த மகராசன் இதை யாரிடமும் கேட்காமல் போட்டு வைத்தான்?

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, பழுது அந்தப் பக்கம்தான் என்று உறுதியான பிறகு இணைய நிறுவனத்தைக் கூப்பிடுகிறோம். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் இணைப்பு போய்விடும். ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளியே போகவில்லை, ரவுட்டரோடு நேராக கேபிளில் கணினியைப் பொருத்தினாலும் அதே கதை என்று தெளிவாகச் சொன்னேன். (இந்தக் கேபிள் சோதனைதான் எல்லாவற்றிலும் சுலபம். ஆனால் புது மடிக்கணினிகள் பலவற்றில் லேன் துளையையே எடுத்துவிட்டார்கள்.) எதுவும் காதில் ஏறவில்லை. "ரவுட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்." நாடி பிடித்துப் பார்க்காமல் வருகிறவருக்கெல்லாம் ஒரே மாத்திரை. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் புகாரை முடித்துவிடுவார்கள். மறுநாள் புதுப் புகார், புது ஆள், முதலிலிருந்து அதே பாட்டு.

அதைவிட மோசம், ரவுட்டரின் பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தச் சொல்வது. அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். வைஃபை பெயர், கடவுச்சொல், பல இணைப்புகளில் நிறுவனத்தோடு சேர்வதற்கான பயனர் பெயர் உட்பட எல்லாம் அழிந்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதைச் செய்யச் சொன்னால், அதுவரை அரைகுறையாக வந்ததும் போய்விடும். அதை எச்சரிக்காமல் சொல்வது பாவம்.

"உங்க ஃபோன்ல வருதா? அப்போ கம்ப்யூட்டர்தான் பிரச்சினை" என்பது இன்னொரு ஆயுதம். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் ஃபோன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதித்தால்தான் அது கணக்கு. நான் அணைத்துக் காட்டினேன், ஃபோனிலும் வரவில்லை. அப்போதும் கணினியில் வைரஸ் இருக்கலாம் என்றார்கள்.

கடைசியில் ஒரு டெக்னீஷியன் வந்தார், நல்ல பையன். ஃபைபர் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், கம்பிக்குள் வரும் ஒளியின் பலம் மைனஸ் 27 டிபிஎம்மைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது, அதாவது ரொம்பவே மங்கிவிட்டது என்று. வெளிச்சுவரில் ஃபைபர் மடங்கியிருந்தது. வெட்டி, புது முனை போட்டார், முடிந்தது. இந்த அளவை நிறுவனத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் சார், ஒவ்வொரு வீட்டுப் பெட்டியின் அளவும் சிஸ்டத்தில் தெரியும் என்றார்.

அப்படியானால் என்னை ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட வைத்த ஒவ்வொரு நாளும் அந்த எண் அவர்கள் திரைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. ஃபோனை எடுப்பவருக்கு அதைத் திறந்து பார்க்க அனுமதி கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் எங்களுக்குக் காட்டுங்கள், நாங்களே படித்துச் சொல்கிறோம்.