டைம்ஷீட்டில் ஏறாத மணி நேரங்கள்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். இளைஞர்கள் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் 70 சொன்னார்கள், 2025இல் 72. நடுவில் வேறொருவர் 90 என்றார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 70, 72 என்று சொன்ன இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியின் பேட்டித் துண்டு என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அனுப்புகிறவர்களில் ஒருவர்கூட என்னைப் போல ஐடியில் வேலை பார்த்தவர் இல்லை. "சீனாக்காரன் எப்படி உழைக்கிறான் பார்" என்று கூடவே ஒரு வரி.

சீனாவையே முதலில் பேசிவிடுவோம். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்கிற அந்த 9-9-6 முறை சட்டவிரோதம் என்று சீனாவின் உச்ச நீதிமன்றமே 2021 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அங்கேயே தப்பு என்று ஆகிவிட்டதை இங்கே நமக்குப் பாடமாக எடுக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று ஒன்று 1947 முதல் இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54க்கு மேல் போகக்கூடாது. அந்த ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது தவிர உடம்பு சரியில்லை என்றால் 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். இதில் ஒன்றுகூட நான் புதிதாகக் கேட்பது இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்தது. இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். தினம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று நாங்களே பதிவதுதான் டைம்ஷீட். அதில் ஒரு நாளைக்கு 8 என்றுதான் போட முடியும். 11 என்று அடித்தால் கட்டம் சிவப்பாகும், சேமிக்க விடாது. மென்பொருளை வெளியிடுகிற ரிலீஸ் வாரத்தில் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் 8, 8, 8, 8, 8 என்று நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்போம். நிரப்பாவிட்டால் நினைவூட்டல் மெயில் வரும். தொழிலாளர் துறையிலிருந்து யாராவது வந்து பதிவேட்டைக் கேட்டால் என்ன இருக்கும்? எல்லோரும் சட்டப்படி 8 மணி நேரம் வேலை பார்த்த கணக்குதான் இருக்கும். மீறல் நடந்ததற்குத் தடயமே இல்லாமல் எங்கள் கையாலேயே எழுத வைக்கிறார்கள்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். ஓவர்டைம் பார்த்த மாதம் சம்பளச் சீட்டில் அது தனி வரியாக வரும். ஒரு தடவை இரண்டு மணி நேரம் விட்டுப்போனது என்று டைம் ஆபீஸில் போய் நின்று எழுத வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். பத்தாவது படித்தவர். அவர் மகன் நான் என்ஜினீயரிங் படித்து, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்த்த வேலையைப் பார்த்ததாக எழுதக்கூட வழியில்லாமல் இருக்கிறேன்.

போன வருடம் அப்பாவின் திதிக்கு லீவ் போட்டிருந்தேன். முன்கூட்டியே சொல்லி அப்ரூவலும் வாங்கியாயிற்று. விரலில் தர்ப்பை, கையில் எள்ளும் தண்ணீரும். ஜன்னல் திண்டில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எடுத்துப் பேசிடுப்பா, அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்" என்றார் அம்மா. பேசினேன், லேப்டாப்பையும் திறந்தேன். காக்கைக்குச் சோறு வைத்தது என் தம்பி. லீவ் கணக்கில் அந்த நாள் கழிந்துவிட்டது, வேலையும் நடந்துவிட்டது. வேலை நேரத்துக்கு அப்புறம் போனை எடுக்காமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2024இல். இங்கே அதைப் பேசினாலே சோம்பேறி என்கிறார்கள்.

"கை நிறையச் சம்பளம் வாங்குகிறீர்களே, அப்புறம் என்ன?" இதுதான் எப்போதும் வருகிற கேள்வி. யாருக்குக் கை நிறைகிறது? காலேஜிலிருந்து நேராக வருகிற பிள்ளைக்கு இன்னமும் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் தருகிறார்கள், பல வருடமாக அதே தொகை. அதில் வேளச்சேரியிலோ துரைப்பாக்கத்திலோ வாடகை கொடுத்து, ஊருக்கும் அனுப்ப வேண்டும். சரி, நிறையவே வாங்குகிறார் என்று வையுங்கள். சம்பளம் அதிகமானால் சட்டம் பொருந்தாது என்று யார் சொன்னது? வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து ஏழு வருடம் வழக்கு நடத்தி 2022இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்ற ஒரு ஐடி ஊழியரை மறந்துவிட்டீர்களா? அவர் மேனேஜர், தொழிலாளியே இல்லை என்று கம்பெனி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

"கெடுபிடி பண்ணினால் வேலையெல்லாம் பெங்களூருக்குப் போய்விடும்." பெங்களூரில் 2024இல் 12 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்க வழி செய்யப் பார்த்தபோது அங்கிருக்கும் ஐடி ஊழியர் சங்கம் தெருவில் இறங்கியது. அவர்களும் மனிதர்கள்தான்.

"பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டுப் போ." ராஜினாமா கொடுத்த பிறகும் மூன்று மாதம் வேலை பார்த்தாக வேண்டிய நோட்டீஸ் பீரியட் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வந்து பேசுங்கள்.

கட்டட வேலைக்காரர்களும் டெலிவரி பையன்களும் இதைவிட அதிகம் உழைக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்காக அவர் ஒரு வரிகூட எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் வாயை அடைக்கத்தான் அவர்கள் ஞாபகம் வருகிறது.

எனக்கு அதிகம் வலிப்பது வேறு. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரை இந்தச் சென்னையில்தான் இருக்கிறது. சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மே 1ஆம் தேதி அரசு திரும்பப் பெற்றது. அன்றைக்கு நாமும் ஸ்டேட்டஸ் போட்டோம். எந்த 12 மணி நேரத்தைச் சட்டமாக்க முடியாமல் அரசு பின்வாங்கியதோ, அந்த 12 மணி நேரத்தை ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் எந்தச் சட்டமும் இல்லாமல் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நாம் ஏன் கொதிக்கவில்லை? ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. என் டீமில் அதைச் சொன்னால் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் பதில் பேசுகிறார்கள். வருடாந்திர மதிப்பீட்டில், அதாவது அப்ரைசலில், கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். எனக்கும் இருக்கிறது.

மாமா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த வீடியோவை இன்னொரு முறை குழுவில் போடாதீர்கள். உங்கள் பெண்ணும் ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கிளையன்டோடு போனில் பேசிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 14, 25, 31ஆம் பிரிவுகளை முதல் கமெண்டில் போடுகிறேன். வேலை நேரம், விடுப்பு, ஓவர்டைம் சம்பளம், மூன்றும் அதில் இருக்கிறது. அடுத்த முறை ஹெச்.ஆர். "பாலிசியில் இல்லை" என்றால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.