‘புட் அப் வித்’ கேட்டுச் சிரித்தவர்களுக்கு

சாரின் பணிநிறைவு விழாவில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசும்போது சறுக்கியதையும், அதன்பின் நம் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியையும் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் விரிவாகச் சொல்லப் போவதில்லை. ‘வி புட் அப் வித் சார்’ என்று அந்தப் பெண் கண்கலங்கச் சொன்னார்; சாரோடு துணைநின்றோம் என்பது அந்தப் பெண் சொல்ல நினைத்தது, சாரைச் சகித்துக்கொண்டோம் என்பது வந்து விழுந்த பொருள். சாரும் சிரித்தார்தான், ஆனால் அது வாஞ்சையான சிரிப்பு. என் வருத்தம், அந்தப் பத்து விநாடியை மட்டும் வெட்டி, பின்னணி இசை சேர்த்துப் பரப்பியவர்கள் மீது.

ஆங்கிலத்தில் மிகக் கடினமான இடம் இந்தச் சின்னச் சொற்கள்தான். ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’ தெரியும். மூன்றையும் கூட்டினால் ‘சகித்துக்கொள்’ என்று எந்தக் கணக்கில் வரும்? ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது, ‘புட் டவுன்’ என்றால் ஒருவரை மட்டம் தட்டுவது. (கடைசியாகச் சொன்னதற்கு நம் குழுவில் விளக்கம் தேவையில்லை.) சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் ஒட்டிப் பொருள் மாறும் இந்த வழக்கம் அயலாருக்குப் பெரும் இடர்ப்பாடு என்று எழுதியிருக்கிறார். அவருக்குப் புரிந்தது நம்மவர்களுக்குப் புரியவில்லை.

தமிழ்வழியில் படித்த எங்களுக்குப் பள்ளி ‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’ போன்ற கனத்த சொற்களைத்தான் தந்தது. ஆங்கிலேயக் குழந்தை மழலையிலேயே பேசிவிடும் சொற்கள் எங்களுக்கு வேலைக்குப் போன பிறகே காதில் விழுந்தன. 1998-இல் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், இங்கிலாந்திலிருந்து பேசிய வாடிக்கையாளர் ‘ஹேங் ஆன்’ என்றார்; சற்றுக் காத்திருங்கள் என்று பொருள். ‘ஹேங்’ என்றாலே தொலைபேசியை வைத்துவிடுவது என்று நம்பிய நான் மரியாதையாக வைத்துவிட்டேன். மறுபடி அழைத்தார், மறுபடி வைத்தேன். அன்று முதலாளி அத்தனை பேர் முன்னிலையில் கேட்ட கேள்வியை இங்கே எழுத மனம் வரவில்லை. காத்திருக்கச் சொல்லும் ‘ஹேங் ஆன்’, தொலைபேசியை வைப்பதைச் சொல்லும் ‘ஹேங் அப்’ இரண்டும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் அப்படிக் கற்றுக்கொள்ளும் நிலை எவருக்கும் வர வேண்டாம்.

‘பட்டியலை மனப்பாடம் செய்திருக்கலாமே’ என்பீர்கள். செய்து பாருங்கள். ‘டர்ன் இட் டவுன்’ (அதை மறுத்துவிடு) என்று நடுவில் நுழையும் ‘இட்’, ‘லுக் ஆஃப்டர் இட்’ (அதைக் கவனித்துக்கொள்) என்பதில் மட்டும் ஏன் கடைசியில் நிற்கிறது என்று பட்டியல் சொல்லித் தராது. ‘தவறைச் சுட்டிக்காட்டக் கூடாதா?’ தாராளமாக, தனியே அழைத்து. ‘தெரியாத மொழியில் ஏன் பேச வேண்டும்?’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. அழைப்பிதழையே ஆங்கிலத்தில் அச்சிட்டது அந்தப் பெண் அல்ல.

நம் மொழியிலும் இதே விளையாட்டு உண்டு. தட்டிக்கொடுப்பது, தட்டிக்கேட்பது, தட்டிக்கழிப்பது மூன்றிலும் இருப்பது ஒரே ‘தட்டு’தான். ஒரு வெள்ளைக்காரர், தம்மைப் பிறருக்கு அறிமுகம் செய்ததைச் சொல்ல நினைத்து, ‘நண்பர் என்னைக் காட்டிக்கொடுத்தார்’ என்றால், தமிழ் பேசுகிறாரே என்று பூரித்துக் காப்பி வாங்கிக் கொடுப்போம். நம் வீட்டுப் பெண் ஆங்கிலத்தில் சறுக்கினால் மட்டும் காணொளி.

இன்னொன்று. அதைப் பரப்பியவர் தம் முகப்புப் பக்கத்தில், கல்லூரியிலிருந்து ‘பாஸ் அவுட்’ ஆன ஆண்டைப் பெருமையாகப் போட்டிருக்கிறார். லண்டனில் அதைப் படிப்பவர், மயங்கி விழுந்த ஆண்டைக் கூடவா குறித்துவைப்பார்கள் என்று வியப்பார். நான் அதைப் படமெடுத்துப் பரப்பவில்லை.

அந்தப் பெண் நேற்றிரவு குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அந்த அறிவிப்புக்குக் கீழேயும் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்.