டிஸ்டோமோவுக்கு வந்த பதில் கடிதம்

இன்று ஜூன் 10. 1944-இல் இதே தேதியில் ஹிட்லரின் நாஜிக் கட்சியுடைய ஆயுதப் படையான எஸ்.எஸ். இரண்டு கிராமங்களைச் சுட்டு எரித்தது. ஒன்று பிரான்சில் இருக்கும் ஒராதூர். அதை நிறையப் பேருக்குத் தெரியும், எரிந்த வீடுகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், உலகம் முழுவதிலிருந்தும் பார்க்க வருகிறார்கள். இன்னொன்று கிரேக்கத்தில், ஏதென்ஸிலிருந்து போனால் சுற்றுலாத் தலமான டெல்ஃபிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் டிஸ்டோமோ. ஜெர்மனியில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒராதூர் தெரிந்திருந்தது. டிஸ்டோமோ என்றால் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஊருக்கே போய் நிற்கும் வரை எனக்கும் தெரியாதுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. அப்போது கிரேக்கம் ஜெர்மன் பிடியில் இருந்தது. அதை எதிர்த்து மறைந்திருந்து சண்டை போட்ட கொரில்லாக்களைத் தேடி லிவாடியா நகரத்துப் பக்கமிருந்து ஒரு எஸ்.எஸ். கம்பெனி கிளம்பி வந்தது. கமாண்டர் பெயர் ஃப்ரிட்ஸ் லவுட்டன்பாக். டிஸ்டோமோவுக்குள் வந்தார்கள், விசாரித்தார்கள், ஊரைத் தாண்டி ஸ்டீரி என்ற அடுத்த கிராமத்துப் பாதையில் போனார்கள். அங்கே கொரில்லாக்கள் சுட்டதில் சிலர் செத்தார்கள். உடனே வண்டிகளைத் திருப்பிக்கொண்டு டிஸ்டோமோவுக்கே வந்து வீடு வீடாகப் புகுந்தார்கள். 218 பேர். கிழவர்கள், கர்ப்பிணிகள், இரண்டு மாதக் கைக்குழந்தை உட்பட. சுட்டது மட்டும் இல்லை, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தியும் கொன்றார்கள். அப்புறம் வீடுகளுக்குத் தீ.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். லவுட்டன்பாக் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், டிஸ்டோமோ ஊருக்குள்ளிருந்தே தங்கள் மேல் சுட்டதாகவும் அதற்குப் பதிலடியாகத்தான் தாக்கியதாகவும் எழுதினான். அந்தப் படையோடு கூடவே போயிருந்த ராணுவ ரகசியப் போலீஸ்காரர் கெயார்க் கோஹ் வேறு மாதிரி எழுதினார். ஊருக்குள்ளிருந்து யாரும் சுடவில்லை, சண்டை நடந்தது பல கிலோமீட்டர் தள்ளி, திரும்பி வந்துதான் ஊர்க்காரர்களைக் கொன்றார்கள் என்று. அதாவது பொய் 1944-லேயே, அவர்கள் ஆள் கையாலேயே, எழுத்தில் உடைந்துவிட்டது. விசாரணை என்றும் ஒன்று நடந்தது. தண்டனை என்று ஒன்றும் வரவில்லை.

டிஸ்டோமோக்காரரான ஆர்கிரிஸ் ஸ்ஃபுண்டூரிஸுக்கு அன்றைக்கு நான்கு வயது கூட நிறையவில்லை. அம்மாவும் அப்பாவும் அன்றே போனார்கள், சொந்தக்காரர்கள் முப்பது பேர் அளவில் போனார்கள். அவரும் மூன்று அக்காக்களும் பிழைத்தார்கள். அனாதை இல்லத்தில் கொஞ்ச வருடம், பிறகு சுவிட்சர்லாந்தில் போர் அனாதைகளுக்காக இருந்த பெஸ்டலோட்சி சிறுவர் கிராமம். அங்கேயே படித்து, சூரிச்சில் கணிதமும் வானியற்பியலும் முடித்து, ஆசிரியராக வேலை பார்த்தார். கிரேக்கக் கவிதைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தன் அம்மா அப்பாவைக் கொன்றவர்களின் மொழியில், அந்த மொழிக்காரர்கள் படிக்கட்டும் என்று உட்கார்ந்து கவிதை பெயர்த்த மனிதர் அவர். நான் ஜெர்மன் கற்றது வேலைக்காக. அவர் எதற்காகக் கற்றார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர் ஜெர்மன் அரசிடம் இழப்பீடு பற்றிக் கேட்டார். 1995-இல் ஏதென்ஸில் உள்ள ஜெர்மன் தூதரகத்திடமிருந்து பதில் வந்தது. டிஸ்டோமோவில் நடந்ததை நாஜிக் குற்றமாக வகைப்படுத்த முடியாது, அது போரின் போக்கில் எடுக்கப்பட்ட நடவடிக்கை, கொரில்லாக்களின் தாக்குதலுக்கு எதிர்வினை என்பது அந்தப் பதிலின் சாரம்.

நடவடிக்கை. ஜெர்மனில் அதற்கு 'மாஸ்நாமெ' என்று ஒரு சொல். எனக்கு தினமும் புழங்கும் சொல். அலுவலகத்தில் குளிர்சாதனம் பழுதானால் அதைச் சரி செய்வதும் மாஸ்நாமெதான், சாலையில் பள்ளம் தோண்டினால் அதற்கும் அதுதான். இரண்டு மாதக் குழந்தையைக் கொன்றதற்கும் அதே சொல்லா?

ஏன் இந்தச் சொல்லை அப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், பின்னால் பணக் கணக்கு இருக்கிறது. 1960-இல் மேற்கு ஜெர்மனி கிரேக்கத்துக்கு 11.5 கோடி மார்க் கொடுத்தது. அது இனம், மதம், கொள்கை காரணமாக நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு. டிஸ்டோமோ நாஜிக் கொடுமை என்றால் ஒரு கணக்கு, போர் நடவடிக்கை என்றால் வேறு கணக்கு. போர் இழப்பீடு என்று கேட்டால் 1953-இல் லண்டனில் போட்ட கடன் ஒப்பந்தத்தைக் காட்டி, இறுதித் தீர்வு வரும் வரை பொறுங்கள் என்றார்கள். 1990-இல் இரண்டு ஜெர்மனிகளும் சேர ஒப்பந்தம் வந்தபோது, அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். முதலில் காலம் வரவில்லை, அப்புறம் காலம் போய்விட்டது. நடுவில் கேட்பதற்கு ஒரே ஒரு நாளாவது இருந்ததா என்று யாராவது காட்டுங்கள்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. 'எதிர்வினை' என்ற சொல்லைத் திரும்பப் படியுங்கள். லவுட்டன்பாக் தன் அறிக்கையில் எழுதிய அதே சாக்கு. கூட வந்த ஆளே பொய் என்று எழுதி வைத்ததை, ஐம்பது வருடம் கழித்து, கொலைகாரர்களைப் பற்றி வெட்கப்படுவதாகச் சொல்லும் ஒரு ஜனநாயக அரசு நல்ல தாளில் அச்சடித்து, பெற்றோரை இழந்த பிள்ளைக்கே அனுப்பியது. நான் இந்த நாட்டில் வாழ்கிறேன், இதன் நினைவுச் சின்னங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை இருக்கிறது. அதனால்தான் இது இவ்வளவு உறுத்துகிறது.

கிரேக்கத்திலும் வழக்குப் போனது. 1997-இல் லிவாடியா நீதிமன்றம் ஊர்க்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, இழப்பீடு யூரோவில் சொன்னால் சுமார் 2.8 கோடி. 2000-இல் கிரேக்க உச்ச நீதிமன்றமும் சரி என்றது. ஜெர்மனி கொடுக்கவில்லை. சரி, ஏதென்ஸில் இருக்கும் ஜெர்மன் அரசின் சொத்தை ஜப்தி செய்யலாம் என்று ஊர்க்காரர்களின் வக்கீல்கள் கோதே இன்ஸ்டிட்யூட் வாசலுக்குப் போனார்கள். சென்னையில் நாம் மாக்ஸ் முல்லர் பவன் என்போமே, அதே நிறுவனம். நான் முதல் ஜெர்மன் வாக்கியம் படித்தது அங்கேதான். ஆனால் வேறொரு நாட்டின் சொத்தில் கை வைக்க கிரேக்க நீதி அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. சொந்த அரசும் அவ்வளவுதான்.

பிறகு இத்தாலிய நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை ஏற்று, கோமோ ஏரிக்கரையில் ஜெர்மன் அரசுக்குச் சொந்தமான வில்லா விகோனி மேல் பற்றுப் பதிவு செய்ய, அதாவது பாக்கிக்கு ஈடாக அந்தச் சொத்தைப் பிடித்து வைக்க, அனுமதித்தன. ஜெர்மனி ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பு. ஒரு நாட்டு அரசை இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது, குற்றம் எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும் இந்த விலக்கு நிற்கும் என்றது. பெரும்பான்மை நீதிபதிகள் அந்தப் பக்கம். பிரேசில் நீதிபதி கன்சாடோ திரிந்தாடே மட்டும் முழுக்க மறுத்து, புத்தகம் அளவுக்கு நீளமாகத் தன் எதிர்ப்பை எழுதி வைத்தார்.

இதைச் சொன்னால் சட்டம் தெரிந்த நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஊருக்கு ஒரு நீதிமன்றம் அடுத்த நாட்டின் கட்டடத்தை ஜப்தி செய்யக் கிளம்பினால் உலகம் என்ன ஆகும் என்று. நியாயமான கேள்விதான், நானும் யோசித்தேன். ஆனால் டிஸ்டோமோக்காரர்கள் எடுத்த எடுப்பில் ஜப்திக்குப் போகவில்லை. ஸ்ஃபுண்டூரிஸும் அக்காக்களும் ஜெர்மன் நீதிமன்றங்களில்தான் தொடங்கினார்கள். கீழே இருந்து மேலே அரசியல் சாசன நீதிமன்றம் வரை ஏறினார்கள், 2006-இல் அங்கேயும் இல்லை என்றாகிவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2011-இல் தள்ளிவிட்டது. செய்தவன் வீட்டிலும் கதவு இல்லை, பட்டவன் வீட்டிலும் இல்லை, நடுவர் வீட்டிலும் இல்லை. அரசுக்கு விலக்கு வேண்டும் என்பவர்கள், அந்தப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோடை விடுமுறைக்கு கிரேக்கம் போகிற நம்மவர்கள் நிறைய, டெல்ஃபி எல்லோர் பட்டியலிலும் இருக்கும். லிவாடியா தாண்டி, அராகோவாவுக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு சாலை பிரிகிறது. ஊருக்கு மேலே குன்றில் நினைவிடம் இருக்கிறது, செத்தவர்களின் எலும்புகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று வேறு யாரும் இல்லை, நல்ல வெயில், கீழே ஒரு வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லில் பெயர்கள். எனக்கு கிரேக்க எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும், ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினேன். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்ததால் போகப் போக வேகம் கூடியது. என் மகள் கையைப் பிடித்து இழுத்து, ஏம்ப்பா எல்லாருக்கும் ஒரே பேரு என்று கேட்டாள்.