300 டிபிஐயாம்! ஹை ரெசல்யூஷனாம்!

விலைப்பட்டியலில் "ஹை ரெசல்யூஷன் ஸ்கேன்" என்று எழுதி வைத்திருக்கும் ஃபிலிம் லேப்காரர்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எத்தனை பிக்சல்? இதற்கு நேரான பதில் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரமாட்டேன் என்கிறது?

நேற்றும் ஒரு லேபில் கேட்டேன். (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு.)

"எத்தனை பிக்சல் வரும்?"

"300 டிபிஐ சார். ஹை குவாலிட்டி."

"அது பிரிண்ட் போடுற கணக்கு. ஃபிலிமை எத்தனை டிபிஐல ஸ்கேன் பண்றீங்க?"

"அதான் சார், 300."

"பிக்சல் சொல்லுங்க."

"300 சார்."

35 எம்எம் ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதை நிஜமாகவே 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 425-க்கு 283 பிக்சல்தான் வரும். போன் திரையில் பாதிகூட நிறையாது! கோப்பில் எழுதியிருக்கும் அந்த 300 வெறும் லேபிள். அதை 72 ஆக்கினாலும் 3,000 ஆக்கினாலும் படத்தில் ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. நாள் முழுக்க இதே வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா?

வந்த கோப்பு 1,800-க்கு 1,200. ஜேபெக். சரி, பெரிய ஸ்கேன் வேண்டும் என்று சொல்லி, கேட்ட கூடுதல் பணத்தையும் கட்டினேன். 6,000-க்கு 4,000 என்று வந்தது. நூறு சதவீதத்தில் திறந்து பார்த்தால் கிரெய்ன் (ஃபிலிமின் துகள்) இருக்க வேண்டிய இடத்தில் பசையைத் தடவிய மாதிரி ஒரு மழுங்கல். அதற்கு மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். அந்தக் கட்டங்கள் இங்கே 27 பிக்சல் அகலத்துக்கு ஊதிக் கிடக்கின்றன. அதாவது நெகட்டிவை மறுபடி மெஷினில் வைக்கவே இல்லை. பழைய கோப்பையே இழுத்துப் பெரிதாக்கி அனுப்பிவிட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்டால், "ஃபைல் சைஸ் பாருங்க சார், பெருசாதானே இருக்கு?"

வயிறு எரிகிறது. ஏனென்றால் நெகட்டிவில் விவரம் இருக்கிறது. ஒழுங்காக 4,000 டிபிஐயில் எடுத்தால் அதே ஃபிரேமில் இரண்டு கோடிக்கு மேல் பிக்சல் வரும். லேபில் இருக்கும் மெஷினுக்கும் இவர்கள் தருவதைவிட எவ்வளவோ கூடுதலாக எடுக்கத் தெரியும். சீக்கிரம் முடிகிற அமைப்பில் வைத்துவிட்டு எழுந்திருக்க மனமில்லை, அவ்வளவுதான்.

நிறப் படிகள் மிக அதிகமுள்ள 16 பிட் டிஃப் கோப்பு கேட்டால் "அது எதுக்கு சார்?" எதுக்கா? கலர் நெகட்டிவில் ஃபிலிமிலேயே படிந்திருக்கும் ஆரஞ்சுச் சாயலை (ஆரஞ்சு மாஸ்க்) நீக்கி, தலைகீழாக்கி, கான்ட்ராஸ்டை இழுக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு 256 படிகளே இருக்கும் 8 பிட் ஜேபெக்கில் இழுத்தால் வானம் பட்டை பட்டையாக உடையும். அதையும் நம்மைச் செய்ய விடுவதில்லை. ஷார்ப்பனிங்கை ஏற்றி, மேகத்தை விவரமே இல்லாத வெறும் வெள்ளையாக்கித்தான் அனுப்புவார்கள். நெகட்டிவில் அந்த மேகம் முழுசாக இருக்கிறது! கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் அகச்சிவப்புத் தூசி நீக்கியைப் போட்டுவிடுகிறார்கள். அதில் படமாக இருக்கும் வெள்ளித் துகளும் தூசியைப் போலவே அகச்சிவப்பை மறைக்கும் என்பதால் மெஷின் படத்தையே தூசி என்று நினைத்து மெழுகிவிடுகிறது.

உடனே "வீட்டிலேயே ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொல்வார்கள். ஃபிளாட்பெட் (தட்டையான மேசை ஸ்கேனர்) பெட்டியில் 6,400 டிபிஐ என்று போட்டிருக்கும். நிஜமாகப் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இல்லை. நிக்கான் கூல்ஸ்கேன் ஃபிலிம் ஸ்கேனர் அருமையான மெஷின், ஆனால் தயாரிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. 9000 மாடல் கிடைத்தாலும் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புப் போர்ட் உள்ள கம்ப்யூட்டரைத் தேட வேண்டும். மிச்சம் இருப்பது ஃபிலிமைக் கேமராவில் படம் பிடிப்பதுதான். அதற்குக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், நிறத்தை உள்ளபடி காட்டும் (சிஆர்ஐ அதிகமுள்ள) விளக்கு, ஃபிலிமை வளையாமல் பிடிக்கும் ஹோல்டர், சென்சாருக்கு இணையாக நிறுத்த ஒரு ஸ்டாண்ட். இனி எனக்கு முக்கியமான ஃபிரேம் எல்லாம் கேமராவில்தான், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில்தான். நேரம் போகட்டும், பரவாயில்லை.

அப்புறம், நெகட்டிவைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தரச் சொல்லி யார் கேட்டார்கள்? ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா?