செடிதானே!

வாடகை வீட்டை 15 நாள்ல காலி பண்ணச் சொல்லிட்டாங்க ஓனரம்மா. சனிக்கிழமை சாமான் ஏத்தினப்போ, எங்க மொட்டை மாடியில பையில வளர்த்த செடிங்களுக்கு நடந்த கூத்தைப் போன பதிவுலயே சொல்லிட்டேன், மறுபடி விளக்கப் போறதில்ல. படத்தைப் பார்த்தீங்க, ஆறுதல் சொன்னீங்க, நன்றி. ஆனா அந்த ஆறுதல்லயும் பாதிப் பேர், சாமான் ஏத்த வந்த தம்பி சொன்ன அதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கீங்க. "செடிதானேக்கா, போற இடத்துல புதுசா வாங்கிக்கலாம்."

ஃபிரிட்ஜ்தானே, பீரோதானேன்னு ஏன் யாருக்கும் வாய் வரல? அதுவும் கடையில கிடைக்கிறதுதான். ஃபிரிட்ஜுக்கு பபிள் ஷீட் சுத்தி, கதவுக்கு டேப் ஒட்டி, பிள்ளைத்தாச்சியக் கூட்டிட்டுப் போற மாதிரி படி படியா இறக்கினாங்க. கத்தரியை மட்டும் தண்டைப் பிடிச்சு ஒரே தூக்கு. பை மாடியிலயே இருக்கு, செடி கையோட வந்துடுச்சு. அதுதான் நீங்க பார்த்த படம்.

எனக்குச் சொல்ல ஒரே விஷயம்தான். மாடித்தோட்டம் இருக்கிற வீட்டைக் காலி பண்ண 45 நாள் வேணும். 15 நாள் பத்தாது. இது செடியைக் கொஞ்சுற பேச்சு இல்ல, வேர்க் கணக்கு.

கறிவேப்பிலையை எடுத்துக்குங்க. ரெண்டு மூணு வருஷம் ஒரே இடத்துல இருந்த பையைச் சும்மா நகர்த்திப் பாருங்க, நகராது. அடியில இருக்கிற வடிகால் ஓட்டை வழியா வேர் வெளிய வந்து, பக்கத்துப் பையிலயோ கீழ தேங்குற மண்ணுலயோ இறங்கியிருக்கும். குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு அந்த வெளிவேர்லருந்துதான் வருது. வண்டி வந்த அன்னைக்கு வெடுக்குன்னு இழுத்தா பை வரும், செடியும் வரும். நாலாம் நாள் இலை கொட்டும். அப்புறம் "ராசியில்லாத வீடு"ன்னு பேச்சு வரும்.

செய்ய வேண்டியது, 45 நாளுக்கு முன்னாடி பையை ஒரு பக்கமா லேசாச் சாய்ச்சு, வெளிய வந்த வேர்ல பாதியை மட்டும் கூர்கத்தியால நறுக்கறது. கத்தரிக்கோலால நசுக்கக் கூடாது, நசுங்கின இடம் அழுகும். அன்னைக்கே மேல கிளையில மூணுல ஒரு பங்கை வெட்டிக் கவாத்து பண்ணிடணும். வேர் குறைஞ்சா இலையும் குறையணும், இல்லாட்டி வேரால தண்ணி கொடுத்து மாளாது. மூணு வாரம் விட்டா பைக்குள்ளயே புது நார்வேர் பிடிக்கும். அப்புறம் மீதிப் பாதி. இன்னும் மூணு வாரம் போனா செடி அந்தப் பைக்குள்ள தானே பிழைச்சுக்கும், தூக்கலாம். கூட்டிப் பாருங்க, 42 நாள். மீதி 3 நாள் மழைக்கும் கரண்ட் கட்டுக்கும் நம்ம உடம்பு வலிக்கும். 45-ஐ நான் என்ன ஜோசியம் பார்த்தா சொல்றேன்?

அடுத்து அந்தப் "புதுசா வாங்கிக்கலாம்."

செடியை வாங்கலாம். நர்சரியில எல்லாமே இருக்கு. மண்ணை எங்க வாங்குவீங்க? புதுசா கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி வாங்கி ஊறவைப்பீங்க. 5 கிலோ கட்டி நல்லா ஊறினா 70 லிட்டர் வரைக்கும் உப்பி வரும், பார்க்கவே ஆசையா இருக்கும். அதுல உப்பு இருக்கு. ரெண்டு மூணு தடவை அலசி, காப்பிக் கலர் தண்ணி வெளுக்கிற வரைக்கும் பிழியணும். பிழியாம நட்டா இலை ஓரம் கருகும். சரியா மக்காத நார்க்கழிவா இருந்தா இன்னொரு கூத்து. அதுல கரிமம் 100 பங்குக்கு மேல, தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரே ஒரு பங்கு. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணுலருந்து உறிஞ்சிக்கும், செடிக்கு மிச்சமிருக்காது. இலையெல்லாம் மஞ்சளாகும். உடனே நாம என்னமோ நோய்னு நினைச்சு மருந்தடிப்போம். செம்மண், நார், தொழுவுரம் சரிபங்கு கலந்து, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டு, மண்புழு வந்து, பொலபொலன்னு உதிர்ற மண்ணா அது ஆக ஒரு வருஷத்துக்குக் குறையாது. என்கிட்ட இருக்கிறது மூணு வருஷத்து மண்ணு. அதைக் குப்பைத்தொட்டி பக்கத்துல கொட்டிட்டு வந்துடுங்கன்னு சொல்றாங்க.

அதுக்காக 56 பையையும் அப்படியே தூக்கிட்டுப் போகணும்னு நான் சொல்லல. அப்படிச் சொன்னா நான்தான் முட்டாள். 12-க்கு 12 அங்குலப் பையில முக்கால் பங்கு கலவைன்னா 16 லிட்டர், ஈரத்தோட 15 கிலோ. சாமான் ஏத்துற குட்டியானை வண்டியோட தட்டு 7 அடி நீளம், கிட்டத்தட்ட 5 அடி அகலம். 24, 25 பைதான் அழுங்காம நிக்கும். எடை இங்க பிரச்சினையே இல்ல, இடம்தான். பை மேல பை அடுக்க முடியாது (அடுக்கினாங்க, அது வேற கதை). அதனால எது வரும், எது வராதுன்னு முன்னாடியே பிரிச்சுக்கணும்.

தக்காளி, வெண்டை, கொத்தவரை வராது. காய் பறிச்சிட்டு, ஒண்ணு ரெண்டை விதைக்கு விட்டுட்டு, செடியைப் பிடுங்கிடலாம். வெண்டைக் காய் செடியிலயே காஞ்சு வெடிக்கப் பார்க்கணும், அப்பத்தான் விதை. பாகல் ஆரஞ்சு நிறத்துக்குப் பழுக்கணும். தக்காளி விதையை ரெண்டு நாள் அதோட சாறுலயே புளிக்க விட்டு அலசினா அந்த வழவழப்பு போகும். இதுக்கெல்லாமும் நாள் வேணும் பாருங்க, 15 நாள்ல எந்தப் பாகல் பழுக்கும்? முளைக்கீரை 25 நாள் பயிர், கடைசி ஒரு மாசம் விதைக்காம இருந்தா போதும். பந்தல் கொடி எதுவும் வராது, மனசைத் தேத்திக்கணும். கத்தரி, மிளகாயை ஒரு அடி விட்டு வெட்டினா திரும்பத் துளிர்க்கும், அது வரும். புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லிக்குப் பையே வேண்டாம். ஒரு சாண் தண்டு, ஈரச் செய்தித்தாள், முடிஞ்சது. முருங்கைன்னா மூணு அடிப் போத்து, அதாவது வெட்டின கிளை. மல்லியில கிளையை வளைச்சு மண்ணுல புதைச்சுப் பதியம் போட்டா வேர்விட மூணு மாசம், அது அவசரக்காரங்களுக்கு இல்ல.

காலியாகிற 30 பையோட மண்ணை மூணு நாள் வெயில்ல பரப்பிக் காயவெச்சு, 25 கிலோ அரிசிச் சாக்குல ரெண்டு பைக்கு ஒரு சாக்குன்னு கட்டினா 15 சாக்கு. அடுக்கலாம், எடையும் குறைஞ்சிருக்கும். செடியோட போற பைங்க ஒரே நடை. மூணு நடை வண்டி வாடகை ஒண்ணே முக்கால் நடையில முடியும். காசுக் கணக்கு பேசறவங்களுக்காகச் சொல்றேன், செடிப் பைத்தியத்துக்கும் கூட்டல் கழித்தல் தெரியும்.

ஏத்துற அன்னைக்கு நடக்கிற தப்புங்க எல்லாம் ஒரே மாதிரிதான். முதல் நாள் நல்லா தண்ணி விட்டுட்டு, அன்னைக்குக் காலையில விடக்கூடாது. விட்டா பை கனக்கும், உள்ள வேர்க்கட்டி குழைஞ்சு உடையும். மூணு வருஷம் வெயில் தின்ன பை தூக்கும்போது அடியில கிழியும், அதனால முதல்லயே சாக்குக்குள்ள இறக்கிட்டு, ரெண்டு பேரா சாக்கு முனையைப் பிடிச்சுத் தூக்கணும். தண்டைப் பிடிக்காதீங்க. தண்டைப் பிடிக்காதீங்க! திறந்த வண்டியில காத்து இலையை உலர்த்திடும், அதனால நிழல்வலையைப் போத்திக் கட்டணும். தெற்குப் பக்கத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, புது வீட்டுலயும் அந்தப் பக்கம் தெற்கையே பார்க்கிற மாதிரி வெச்சா வெயில் படாத இலை திடீர்னு வெந்து போகாது. முதல் பத்து நாள் நிழல், ரெண்டு வாரம் உரம் கிடையாது. புதுத் தண்ணியில குளோரின் வாசனை வந்தா ராத்திரி முழுக்க வாளியில திறந்து வெச்சு ஊத்துங்க. மாவுப்பூச்சி பிடிச்ச செம்பருத்தியை மட்டும் பாசம் பார்க்காம விட்டுட்டுப் போங்க. 2008-ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி எத்தனை தோட்டத்தைப் பாழாக்குச்சுன்னு விவசாயம் பார்க்கிறவங்களைக் கேளுங்க.

இப்ப ஓனரம்மா பக்கம் பேச வருவாங்க. "மாடி தாங்குமா? ஒழுகாதா?"

தாங்கும். ஏறி நடமாடற மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்துல போட்டிருக்கிற சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. ஒரு சதுர மீட்டர்ல இந்தப் பையை இடிச்சுப் பிடிச்சு வெச்சாலும் 9-க்கு மேல நிக்காது. 9 பதினஞ்சு 135. நடக்க வழி விட்டு வெச்சா நாலஞ்சு பைதான். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன், அதை ரெண்டா வெச்சிருக்கீங்க, அது தூண் மேல நிக்குதுன்னு சொல்வீங்க, சரி. விநாயகர் சதுர்த்திக்கு அம்பது பேர் ஏறி ஆடினாங்களே, அவங்க எந்தத் தூண் மேல நின்னாங்க?

ஒழுகுற விஷயம், ம்ம், அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. மாடித் தளத்துல பதிச்ச தட்டோட்டு மேல பையை நேரா வெச்சா அடி எப்பவும் ஈரம், பூச்சு விட்டுப் போகும், வேர் இடுக்குல நுழையும். அதனாலதான் செங்கல் மேலயோ ஸ்டாண்டு மேலயோ வைக்கணும், கீழ துடைப்பம் போற இடைவெளி இருக்கணும். என்னோடது 56-ல 52 ஸ்டாண்டுல. கறிவேப்பிலை உட்பட நாலு இல்ல. அந்த நாலைப் பத்தி மட்டும் கேட்டிருந்தா தலை குனிஞ்சிருப்பேன். 52-ஐப் பத்தி ஒரு வார்த்தை வரல.

"முன்னாடியே காலி பண்ணியிருக்கலாமே"ன்னு ஒருத்தர். எப்போங்க? செடியை இடம் மாத்த நல்ல காலம் மழை தலைகாட்டுற ஆடி, இல்லைன்னா பனி விழற மார்கழி. மல்லியை நவம்பர் கடைசியில கவாத்து பண்றதே அதுக்குத்தான், வெயில் வர்றதுக்குள்ள தேறிக்கும். ஆனா ஆடியில குடி போகக் கூடாது. மார்கழியில குடி போகக் கூடாது. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள அவங்க மக குடும்பம் வந்தாகணும். ஆக, மனுஷனுக்கு நல்ல நாளா வந்தது கத்திரி வெயில் கொளுத்துற வைகாசி. காலண்டர்ல செடிக்கு யார் நாள் குறிச்சாங்க? அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், வெயில்ல மாத்தியே ஆகணும்னா 45 நாளாவது கொடுங்க.

இலவசமா எடுத்துக்கங்கன்னு சொன்னதும் வந்தவங்களைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. பூத்த ரோஜா ஒரு மணி நேரத்துல காலி. ஸ்டாண்டு காலி. "பை மட்டும் குடுங்க, மண்ணை இங்கயே கொட்டிடறேன்"னு ஒருத்தர், கார்ல வந்தவர். தூதுவளையை ஒருத்தரும் தொடல, முள்ளாம்.

வாடகை வீட்டுல சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. சரின்னு காலண்டரைக் கதவுல மாட்டினோம். அஞ்சு மணிக்கு மேல மோட்டார் போடக் கூடாது, சரி. தேங்காய் உரிச்சா பெரிய சத்தம், சரி. 11 மாசத்துக்கு ஒருதரம் புதுப் பத்திரம், புது வாடகை, அதுக்கும் சரி. எதுக்கும் நான் வாய் திறந்தவ இல்ல, கீழ் வீட்டுல கேட்டுப் பாருங்க. மண்ணு மட்டும் எனக்குச் சொந்தம்னு நினைச்சேன், ஏன்னா ஒவ்வொரு பிடியும் நான் தூக்கிட்டுப் போய் ஏத்தினது. காலையில ஆறு மணிக்கு மாடிக்குப் போனா அங்க யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டாங்க. அதை எந்தக் குட்டியானையில ஏத்தறதுன்னு சாமான் ஏத்துற தம்பிகிட்ட நான் எப்படிக் கேட்பேன்? அவரும் பாவம், "செடிதானேக்கா"ன்னுதான் சொல்வார். அவர் மேல கோபம் இல்ல. கோபம் படிச்சவங்க மேல.

சரி. கறிவேப்பிலையைத் தூக்கினப்போ ஆணிவேர் பாதியில அறுந்துடுச்சு. மேல் பாதி இப்ப புது வீட்டுல, ஒரு அடி விட்டு வெட்டி, நிழல்ல, ஈரச் சாக்கு சுத்தி. பிழைச்சா ஆச்சரியம். கீழ் பாதி இன்னும் அந்தத் தட்டோட்டு இடுக்குலதான் இருக்கு. வேர்லருந்தே கன்னு விடற ஜாதி அது. ஆடியில ரெண்டு மழை விழுந்தா ஓனரம்மா கூப்பிடுவாங்க, எடுக்க மாட்டேன்.

மீதி மண்ணு புதன்கிழமை வருது. மூணு அரிசிச் சாக்கு குறையுது. தாம்பரம் பக்கம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஓட்டை இல்லாததா.