தார் குறைந்ததால் மட்டும் வீதி உடைவதில்லை
“காபெட் (தார்க் கலவை) வீதி இரண்டு மாரிக்குள் உடைவதற்கு, தாரைக் குறைத்துப் போட்டதே காரணம்” என்று சொல்லப்படுவது பாதிதான் சரி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வயலை ஊடறுத்துப் போகும் வீதிகளில் முதலில் தோற்பது பெரும்பாலும் அடிமண். அதனால்தான் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் சி.பி.ஆர். சோதனைக்கு மண் மாதிரியை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்துத் தாங்குதிறனை அளக்கிறார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் மண்ணை அப்படியே அளந்து வடிவமைத்தால் கார்த்திகையில் ஏமாற்றிவிடும். வீதிக்குக் கீழே நீர் கடக்கும் மதகு சிறிதென்றால் வீதியே அணைக்கட்டு மாதிரி நிற்கும், தேங்கிய நீர் அடித்தளத்துக்குள் கசியும், பிறகு ஒவ்வொரு டயரும் வெடிப்பு வழியாகச் சேற்றை மேலே பீச்சும். அதற்கு மேல் எத்தனை அங்குலம் காபெட் போட்டென்ன? வீதியை வடிவமைக்க எடுக்கும் வாகனக் கணக்கெடுப்பும் பருவம் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஏமாற்றும். ஐப்பசியில் ஒரு கிழமை எண்ணினால், மாசி பங்குனியில் பெரும்போக நெல் ஏற்றும் லொறிகள் கணக்கில் வராது. வாகனத்தின் ஓர் அச்சில் இறங்கும் சுமை கூடும்போது சேதம் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது; 20 வீதம் மேலதிகப் பாரம் என்றால் 1.2 x 1.2 x 1.2 x 1.2, அதாவது சேதம் ஏறக்குறைய இரட்டிப்பு. உள்வீதி உடைந்தாலும் சிலர் வீதி அபிவிருத்தி அதிகார சபையைத் திட்டுகிறார்கள். அந்த அதிகார சபைக்குரியவை ஏ4, ஏ15 போன்ற ஏ, பி தர வீதிகள். சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை, ஒழுங்கைகள் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ உரியவை. முறைப்பாட்டில் வீதி இலக்கத்தையும் கிலோமீற்றர் கல்லையும் எழுதுங்கள், “சந்தைக்குப் பக்கத்தில்” என்றால் கடிதம் மூன்று அலுவலகம் சுற்றும்.