டயருக்குள் ஒரு எண்

போன வாரம் டேஷ்போர்டில் டயர் விளக்கு எரிந்தது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வழக்கமாகப் போகும் கடையில் வண்டியை விட்டேன். தருமபுரிப் பையன் ஒருவன், டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவியை வால்வு பக்கம் பிடித்தான். "காத்து 24 தாண்ணா இருக்கு" என்றான். திரையில் அதற்கு மேலே எட்டு இலக்கத்தில் ஏதோ ஒன்று. என்னப்பா அது என்றேன். "சென்சார் நம்பர்ணா. வீலுக்கு ஒண்ணு. மாறவே மாறாது."

அந்த 'மாறவே மாறாது' மனதில் தைத்துவிட்டது.

வண்டி ஓடும்போது இந்த நாலு சென்சாரும் யாரும் கேட்காமலே, நிமிடத்துக்கு ஒரு தடவை போல, காற்றழுத்தத்தோடு தன் எண்ணையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகின்றன. பெரும்பாலான வண்டிகளில் அதற்கு எந்தப் பூட்டும் கிடையாது. 2010-லேயே அமெரிக்காவில் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஓடும் காரிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளியிருந்தே இதைப் பிடிக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

அக்கா மகனிடம், எங்கள் காரின் சென்சார் எண்ணோடு சேர்த்து இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனியில், பென்டிரைவ் அளவு ரேடியோ ஒன்றை லேப்டாப்பில் செருகினான். இலவச மென்பொருள்தான். தெருவில் போகிற வண்டிகளின் எண்கள் வரிவரியாக வந்தன. திடீரென்று, "மாமா, அத்தை வந்துட்டாங்க" என்றான். எட்டிப் பார்த்தேன். எங்கள் கார் அப்போதுதான் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம்பர் பிளேட் எப்படியும் தெரியத்தானே செய்கிறது என்பார்கள். சரி. ஆனால் பிளேட்டைப் படிக்க வண்டி கண்ணில் படவேண்டும், இல்லை கேமரா வேண்டும். இந்தக் குட்டி ரேடியோவை ஒரு பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்தாலே போதும்; ஒரு பெண் தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், என்றைக்கு வரவில்லை என்று தெரிந்துவிடும்.

சென்சாரைக் கழற்றச் சொல்லவில்லை. மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். நம் செல்போன்கள் வைஃபை, ப்ளூடூத் முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றனவே, அதைக் கார்க் கம்பெனிகளும் செய்யட்டும், அரசு அதை விதியாக்கட்டும் என்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி ஐயா, இதே பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி. அந்த உரிமை நம் காருக்குள்ளும் வரவேண்டும்.

புது வண்டி பார்ப்பவர்கள் ஷோரூமில் ஒன்று கேளுங்கள்: சென்சார் டயருக்குள் இருக்கிறதா, இல்லை ஏபிஎஸ் பிரேக் அமைப்பை வைத்துச் சக்கரத்தின் வேகத்திலிருந்து கணக்குப் போடுகிறதா? இரண்டாவது வகை டயரிலிருந்து எந்த எண்ணையும் வெளியே அனுப்புவதில்லை.